எதையும் நினைவில் வைக்காத பிரவுசர்

கல்லூரியில் வேதியியல் நடத்தும் அறவாழி ஒரே ஒரு முறைதான் லேப்டாப்பில் விக் தேடினார். மறுநாள் வகுப்பில் பாடத்தைத் திரையில் காட்டியபோது ஓரத்தில் விக் விளம்பரம் வந்து நின்றது. மாணவர்கள் அவர் வழுக்கைத் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று மாலையே, தேடியதை நினைவில் வைக்காத, யாரிடமும் சொல்லாத வேறொரு பிரவுசரைத் தேர்ந்தெடுத்து இறக்கினார். மனைவி பொன்மலர் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குங்க இது? என்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?"

வேறு வழியில்லாமல் விக் கதையைச் சொன்னார். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "இந்தத் தலையே எனக்குப் போதுங்க."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினாள். "இதுலயும் அதைப் போட்டுக் குடுங்க."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், விக் ஞாபகம் வர, போனை வாங்கிக்கொண்டார்.

"சீக்கிரங்க" என்றாள் பொன்மலர்.