இரண்டரை வோல்ட்

அவள் மறுபடியும் அழுத்தினாள்.

மணி அடிக்கவில்லை.

நல்லசிவம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதலாளியான அவருடைய அறை என்பதால் அங்கே மட்டும் ஏசி உண்டு. அது உறுமிக்கொண்டிருந்தது. மேஜைமேல், இருவருக்கும் நடுவில், உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. நோயாளியின் கட்டிலோரம் மாட்டுகிற அழைப்புமணி. அவள் வடிவமைத்தது. காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தது.

அதை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, யாரும் வராததால், ஒருத்தி தானே கட்டிலைவிட்டு இறங்கியிருக்கிறாள். வயிற்றில் தையல் போட்ட மறுநாள்.

விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

"அந்தம்மா கெட்டியா அழுத்தியிருக்க மாட்டாங்க, அம்மிணி" என்றார் அவர்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது.

கெட்டியாக.

கெட்டியாக அழுத்த முடியாத கைகளுக்காகத்தானே அந்தப் பொத்தான். லேசாகத் தொட்டாலே உள்ளிருக்கும் சிப்புக்குத் தெரிந்துவிடும். ஆனால் சிப்புக்கு மணியை அடிக்கிற தெம்பு கிடையாது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். எள்ளைவிடச் சற்றுப் பெரியது. மூன்று கால்கள். சிப் மெல்லச் சொல்லும். அது கதவைத் திறந்து மணிக்குக் கரண்டை விடும்.

மெல்லச் சொன்னாலே முழுக்கத் திறக்கிற ஒன்றை அவள் தேடித் தேர்ந்தெடுத்திருந்தாள். பென்சில் பேட்டரி இரண்டும் தேய்ந்து இரண்டரை வோல்ட்டுக்கு இறங்கினாலும் திறக்கும்.

அவர் வேறொன்றைப் போடச் சொன்னார். அதே அளவு. அதே மூன்று கால்கள். ஸ்டாக்கில் ஏராளமாகக் கிடந்தது.

"ரெண்டு வோல்ட்டுக்கே தொறக்கும்னு போட்டிருக்குது. நம்மகிட்ட மூணு இருக்குதல்ல?"

அது திறக்கத் தொடங்குகிற அளவு, சார் என்றாள் அன்று. கதவு கீற்றாகத் திறக்கும். ஆள் நுழைய முடியாது.

சொன்னாள். போர்டில் ஏற்றுகிற அன்று மறுபடியும் சொன்னாள். பட்டறையில் எல்லா மணியும் அடித்தபோதும் சொன்னாள். இது தகரக் கூரை, சித்திரை வெயில். சூட்டில் இந்த வகை கொஞ்சம் எளிதாகத் திறக்கும். வார்டில் ஏசி, சார். குளிரில் முரண்டு பிடிக்கும்.

ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டினார்.

தலையாட்டியதைக் கேட்டதாக நம்பிய தன் மடத்தனத்தின் மேல்தான் கோபம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொய். கோபம் அவர் மேல். அதை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அதனால்தான் இன்று பெட்டியைப் பட்டறையில் திறக்கவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இந்த மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். வார்டில் போலவே நன்றாகக் குளிரட்டும் என்று விட்டாள்.

இப்போது அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கட்டைவிரலை வைத்தார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

கண்ணாடிக்கு வெளியே டெம்போவில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மீதி வார்டுகளுக்கு. எல்லாவற்றுக்குள்ளும் அதே மூன்று கால்.

பார்த்துவிட்டார். இனிச் சொல்ல எதுவும் இல்லை. நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அவர் கையை நீட்டினார். டெம்போவை நிறுத்தச் சொல்லப் போனை எடுக்கிறார் என்று நினைத்தாள்.

ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார்.

"கொஞ்சம் பொறு அம்மிணி. சூடாகட்டும்."

உறுமல் நின்றது. அறை மெல்லப் புழுங்கத் தொடங்கியது. அவர் பொத்தானைவிட்டு விரலை எடுக்கவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. துடைத்துக்கொள்ளாமல் காத்திருந்தார்.

முதலில் கொசு ரீங்காரம் போல ஒன்று.

பிறகு இன்னும் கொஞ்சம்.

"அடிக்குது பாரு!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் கள்ளமே இல்லை. அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது.

"அப்படியே கொறை இருந்தாலும், அப்பவே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கோணுமல்ல? நீ பேசறதே காதுல விழுகறதில்ல."

தொண்டைக்குள் ஒரு கூச்சல் ஏறி வந்து நின்றது. பள்ளிக்கூட நாளிலிருந்தே, சத்தமாகப் பேசு என்று எல்லோரும் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம். இத்தனை வருடமும் உள்ளேயே இருந்திருக்கிறது.

இவருக்காக அதைச் செலவழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. டெம்போவின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் மேலே நின்று பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எறக்கீருங்கண்ணா."

எப்போதும் பேசுகிற குரல்தான். இரைச்சலில் கேட்டிருக்காது என்று நினைத்தாள்.

அவர் கயிற்றை விட்டார்.

"அத்தனையுங்களா கண்ணு?"

"அத்தனையும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார்.

பின்னால் அறைக்கதவு திறந்தது. அம்மிணி, என்று நல்லசிவம் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

முதல் பெட்டியை வாங்கிக்கொள்ள அவள் இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.