கடைசித் தீவில் ஓர் அறை

ஜூன் 12. தீவுப் பயணத்தின் கடைசி விடுதியில் இருவருக்குப் பதில் எனக்கு மட்டும் அறை கேட்டுவிட்டேன்.

நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்டு, தவறைச் சரிசெய்ய அவள் விடுதிக்காரருக்குப் போன் போடுகிறாள். மேசை விளக்கின் மஞ்சள் ஒளியில் கணவன் வரைபடத்தில் படகு வழியைப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறான். ஸ்பீக்கரில் அலைச்சத்தம் கேட்கிறது. "உங்க வீட்டுக்காரர் காலையிலேயே வந்துட்டாரும்மா. நீங்க எப்ப வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருக்காரு," என்கிறார் விடுதிக்காரர். "அடப்பாவி, எனக்கு முன்னாடி நானே போயிட்டேனா?" என்று கேட்டுவிட்டுக் கணவன் சிரிக்க வாயைத் திறக்கிறான். அவனுடைய சிரிப்பு முதலில் போனிலிருந்து வருகிறது. பென்சில் கடைசித் தீவின் மேல் நின்றுவிடுகிறது. "போய் யாருன்னு பார்த்துடலாம்," என்கிறான், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதுகிறாள்: நாளை முதல் வேலையாக, கடைசித் தீவுக்கான இரண்டு படகுச் சீட்டுகளையும் ரத்து செய்ய வேண்டும்.