தட்டில் போடாத சாப்பாடு

"பதினோரு கிலோ ஏறியிருக்கு சார். நெஜத்த சொல்லுங்க, வீட்ல யாருக்கும் தெரியாம ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

உணவு ஆலோசகர் ரக்ஷிதாவின் கேள்வி, கதவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும் என்று பழனிச்சாமிக்குத் தோன்றியது. இந்த வேலைக்கு இவ்வளவு கணீர் குரல் எதற்கு என்று மனதுக்குள் நொந்துகொண்டார். எடை மெஷினில் ஏறும் முன் பெல்ட், சாவிக்கொத்து, செல்போன் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துப் பார்த்தார். மெஷின் மசியவில்லை.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றார். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் மனைவி வேதநாயகி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒத்தாசைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. அவளோ முட்டைக்கோஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இரைப்பையை ஒரு வாழைப்பழ அளவுக்குச் சுருக்கியாயிற்று. நீலசந்திராவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குச் சின்னக் கிண்ணமும் டீஸ்பூனும் வந்து சேர்ந்தன. ஒரு இட்லியை அரை மணி நேரம் மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. இத்தனைக்குப் பிறகும் எடை ஏறினால் ஊர் என்ன சொல்லும்? வாயைக் கட்டத் தெரியாத ஜென்மம் என்றுதான் சொல்லும்.

குண்டு உடம்புக்கு என்ன பேச்சு கிடைக்கும் என்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. 'அரிசி மூட்டை' என்ற பட்டப்பெயர் பதினெட்டு வருடமாகப் புழங்கிய வீடு அது. பொம்மனஹள்ளியில் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் குடும்பப் போட்டோ எடுத்தபோது, "மூட்டைய பின்னாடி நிக்க வைங்க, மொகம் மட்டும் தெரிஞ்சா போதும்" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மூட்டையும் சேர்ந்து சிரித்தது. பந்தியில் இரண்டாவது ஒப்பட்டுப் போளிக்குக் கை நீட்டியபோது எதிர்வரிசை முழுக்க அந்தக் கையையே பார்த்தது. அன்றைக்குக் கேட்ட சிரிப்பு இப்போது பழனிச்சாமியின் காதில் திரும்பவும் கேட்டது.

ரக்ஷிதா விடவில்லை. காலையில் என்ன, மத்தியானம் என்ன, டூட்டியில் டீயோடு பஜ்ஜி உண்டா, பேக்கரி பக்கம் போவது உண்டா என்று துருவினாள். அவர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கம்பெனி கேப் ஓட்டுகிற இடத்தில் சர்க்கரை போடாத டீயோடு சரி. வீட்டிலும் தட்டில் போட்டதற்கு மேல் ஒரு கரண்டி வாங்குவதில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"ஹௌதா, அப்படியா?" என்று புருவத்தை உயர்த்தினாள் ரக்ஷிதா. "அப்போ, தட்டுல போடாம சாப்பிடறது?"

பழனிச்சாமியின் தலை தானாகக் குனிந்தது.

"ஆறு மாசமா வீட்ல பாத்திரம் நான்தாம்மா கழுவறேன். பையன் ரகு, பஸ்ஸுக்கு ஓடறப்ப பாதி தோசைய அப்படியே வெச்சிட்டுப் போயிடுவான். கொட்றதுக்கு மனசு வரல..."

அதன் பிறகு மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மகள் லாவண்யா தயிர் சாதத்தில் நாலு வாய் மிச்சம் வைப்பாள். குக்கர் அடியில் ஒரு கை சோறு ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்து வைக்கவும் காணாது, குப்பையில் போட்டால் பாவம். சிங்க் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டுதான் தேய்க்கவே ஆரம்பிப்பார். உட்கார்ந்து சாப்பிடாததால் அதெல்லாம் சாப்பாடு என்றே அவருக்குத் தோன்றியதில்லை. சொல்லி முடித்தபோது காது மடல் சுட்டது. எச்சில் தட்டை வழித்துத் தின்ற கதையை மகள் வயதுப் பெண்ணிடம் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று கூனிக் குறுகிப்போனார்.

ரக்ஷிதா சிரிக்கவில்லை. எழுதியதை ஒருமுறை பார்த்தாள்.

"இதுவே ஒரு ஆள் சாப்பாடு சார். தெனம் ரெண்டு பேர் சாப்பாட்ட நீங்க ஒருத்தரே சாப்பிடறீங்க."

"ஆசைக்குத் திங்கலம்மா. வீணாகக் கூடாதேன்னுதான்."

"புரியுது. ஆறு மாசத்துக்கு முன்னாடி இந்தப் பாத்திரமெல்லாம் யாரு கழுவினாங்க? அப்போ இந்த மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

பழனிச்சாமி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பார்த்த கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மறுபடி செருப்பைப் பார்த்தார்.

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர் என்பதால், துணைக்கு வந்தவரை முதலில் எடை பார்த்துவிட்டுத்தான் ரக்ஷிதா எப்போதும் ஆபரேஷன் ஆன பேஷண்டைக் கூப்பிடுவாள். பதினெட்டு வருடமாக அவர் வாய் நிறைய 'அரிசி மூட்டை' என்று கூப்பிட்ட வேதநாயகி, கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு, முப்பத்திரண்டு கிலோ குறைந்த உடம்போடு மெஷினில் ஏறி நின்றாள்.