கல்லை எடுத்துவிட்டார்கள்

"இன்னைக்கும் ஸ்டார்ட் ஆகலேன்னா நாளைக்கு உன் இன்ஜினைக் கழட்டிடுவாங்க பெருசு. அப்புறம் ஹோட்டல் வாசல்ல பூந்தொட்டி மாதிரி நிக்க வேண்டியதுதான்," என்றது ஜீப்.

பச்சைக் கார் காலையிலிருந்து உறுமப் பார்த்தும் இருமல்தான் வந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நிற்காமல் ஓடுகிற பந்தயத்துக்காகவே இங்கிலாந்தில் செய்த கார் அது. இந்த ஹோட்டலில் எல்லாரும் துடைக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். ஓட்டத்தான் ஆளில்லை.

அன்று ஆயுத பூஜை. முன்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்க இடைஞ்சலாக இருந்ததாம், சரிவில் காரைத் தாங்கிக்கொண்டிருந்த கல்லை எடுத்துவிட்டார்கள். ஹேண்ட் பிரேக் எப்போதோ போய்விட்டது. முழு மடத்தனம். சாமி கும்பிடுகிற அவசரத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கார் கவனித்தது.

"தம்பி, உன் மேல ஏறட்டுமா?" என்று பழத்தைக் கேட்டது.

"அதுக்குத்தானே என்னை வெச்சிருக்காங்க? பேசிக்கிட்டு நிக்காம ஏறுண்ணே!"

கார் ஏறியது. பழம் பச்சக்கென்று நசுங்கியது. சரிவில் உருண்டு, வேகம் பிடித்து, கியரில் விழுந்தது. ஒரு பெரிய குலுக்கல். அடுத்த நொடி இன்ஜின் போட்ட சத்தத்தில் கட்டியிருந்த வாழைக்கன்று ஆடியது, ஜீப்பின் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தது.

"ஐயா! கேட் பக்கத்துல நின்னுடுங்க ஐயா!" என்று கத்தியது ஜீப்.

கார் நிற்கவில்லை.