தூக்கத்துக்கு நான்கு நிபந்தனைகள்

மஞ்சரியும் கோகுலனும் மென்பொருள்காரர்கள். மற்ற தம்பதிகளைப் போல வெறுமனே சண்டை போடத் தெரியாது. “குழந்தை தூங்கிட்டா” என்று அவன் சொன்னால் கண் மூடியிருக்கிறாள் என்று மட்டுமே அர்த்தம். அதனால் எதைத் தூக்கம் என்பது என்று இருவரும் பேசி முடிவெடுத்து, தாங்களே நிரல் எழுதி வைத்திருக்கும் தானியங்கி வீட்டிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வேலை முடிந்ததாக வீடு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வேலைக்குக் கதவு திறக்கும். மஞ்சரியின் அடுத்த வேலை, படுக்கையறையில் ஓய்வு.

கண் மூட வேண்டும். விரல்கள் தளர வேண்டும். தொட்டில் நின்று பத்து நிமிடமாவது ஆக வேண்டும். நான்காவதாகப் பயனரின் ஒப்புதலையும் கோகுலன் சேர்த்தான்.

“இது எதுக்குடா?”

“ஆபீஸ்ல இது இல்லாம எதையுமே முடிஞ்சதுன்னு ஒத்துக்க மாட்டாங்க.”

மறுநாள் பிற்பகல், இரண்டு மணி நேரம் ஆட்டிய பிறகு ஏழு மாதக் குழந்தை இயல் தூங்கினாள். முதல் மூன்று நிபந்தனைகளுக்கும் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. மஞ்சரி படுக்கையறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

தொட்டிலருகே வீடு கனிவாகக் கேட்டது: “இயல், தூக்கம் திருப்தியாக இருக்கிறதா?”

இயல் வீறிட்டாள். விளக்குகள் மூன்றும் அணைந்தன.

ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே கோகுலன் வந்தான்.

“பாத்தியா? நாலாவது மட்டும் இல்லன்னா, அவளுக்குத் திருப்தி இல்லங்கிறதே நமக்குத் தெரிஞ்சிருக்காது.”