வலப்பக்கத்து ஸ்பீக்கர்

முழங்காலால் முட்டுக்கொடுத்து, பெட்டியைக் கல்யாண மண்டப மேடையின் கடைசிப் படிக்கு ஏற்றினான்.

இரும்புப் பெட்டி. கிட்டாரின் சத்தத்தைக் கூட்டி, முறுக்கி, எதிரொலிக்கவைக்கும் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைத்தது. பாண்டில் எல்லோரும் ராக் என்பார்கள். பாண்டை நடத்தும் ஆல்வின் அண்ணன் மட்டும் பீரோ என்பார்.

"சீர்வரிசை வந்துட்டுய்யா. பொண்ணு வீட்டுக்காரனே இன்னும் பீரோவ எறக்கல, இவன் எறக்கிட்டான்."

கோரஸ் பாடும் பெண்கள் சிரித்தார்கள்.

அவனும் சிரித்துவைத்தான்.

வேனில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை ராக் அடைத்துக்கொள்கிறது. அதுதான் அண்ணனின் எரிச்சல். இன்று ஒரு தோள்பையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார். உள்ளே ஒரு பலகை. பலகையில் வரிசையாகப் பெடல்கள். காலால் மிதித்தால் போதும், ராக் செய்கிற அத்தனையும் செய்யும்.

"ரெண்டுலயும் வாசிச்சுப் பாரு. மண்டபம் நெறையறதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லு. பீரோதான்னா சொல்லிரு, அடுத்த கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கிட்டாரைத் தோளில் மாட்டினான்.

முதலில் பெடலில் வாசித்தான். நன்றாக இருந்தது. எதிரொலி அவன் பக்கமே கிளம்பி, அவன் பக்கமே தேய்ந்தது. எங்கும் போகவில்லை.

அது பிடிக்கவில்லை.

ராக், அவனும் கூட வாசித்த ரெக்சனும் சேர்ந்து வாங்கியது.

மேடையின் இடப்பக்கம் இவன். வலப்பக்கம் ரெக்சன். ஆளுக்கொரு கிட்டார், ஆளுக்கொரு ஸ்பீக்கர், இரண்டுக்கும் நடுவில் ஒரே ராக். இவன் தட்டினால் இடப்பக்கம் ஒலிக்கும். அதன் எதிரொலி வலப்பக்கம் கேட்கும். அப்புறம் இடம். அப்புறம் வலம். பந்திக்குப் போகிறவர்கள்கூட நின்று தலையை இங்குமங்கும் திருப்புவார்கள்.

ரெக்சன் கப்பலுக்குப் போய்விட்டான். சுற்றுலாக் கப்பலில் வாசிக்கிற வேலை.

"ஒரே ஒரு சீசன்தாம்லே. வந்துருதேன்."

போகும்முன் தன் ஸ்பீக்கரை விற்றுவிட்டான்.

அந்த சீசன் எப்போதோ முடிந்துவிட்டது.

ராக்கில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். எதிரொலி முழுவதும் இவன் ஸ்பீக்கரிலேயே வந்துவிடும்.

இவன் அழுத்தவில்லை.

தட்டுவான். இடப்பக்கம் ஒலிக்கும்.

ஒரு காலி.

எதிரொலி.

ஒரு காலி.

கல்யாண இரைச்சலில் அதை யார் கவனிக்கிறார்கள். இவன் கவனிப்பான். வலப்பக்கத்து அந்தக் காலியை ரெக்சனுக்கென்று பிடித்துவைத்திருந்தான், பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரி.

போன வாரம் ரெக்சனிடமிருந்து ஒரு போட்டோ. வெள்ளைக் கோட்டு. பின்னால் வட்ட ஜன்னல். ஜன்னல் நிறையக் கடல். இவன் விரலால் பெரிதாக்கி, கீழே இறக்கிப் பார்த்தான்.

காலடியில் பெடல்கள்.

பெடலைப் பொம்மைக் கடை என்று நக்கலடித்தவன்.

'சூப்பர்லே' என்று அனுப்பினான்.

இப்போது ராக்கில் வயரை மாற்றி வாசித்தான். மைக்செட் இசக்கி அண்ணன் தன் மேசையிலிருந்து எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, எக்கோ விட்டு விட்டு வருது. எங்கயோ வயரு போயிருக்கு."

"இல்லண்ணே. அது அப்படித்தான்."

"அப்படித்தான்னு எந்தச் சத்தமும் கெடையாதுய்யா. தள்ளு."

பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். காலியாகக் கிடந்த ரெக்சன் பக்கத்துத் துளையில் ஒரு வயரைச் சொருகி, தன் மேசைக்கு இழுத்துப் போனார். மண்டபத்தின் வலப்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கர் லேசாக உறுமியது.

"இப்ப அடி."

அடித்தான்.

வலப்பக்கம் பதில் சொன்னது.

சட்டென்று திரும்பினான். சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கிறான் என்பது திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

அங்கே மணமக்கள் சோபாவுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த பெண், இவன் தன்னைப் பார்த்துத்தான் இளிக்கிறான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா? வயருதான்," என்றார் இசக்கி.

மறுபடி வாசித்தான். அவனும் ரெக்சனும் மேடைதோறும் வாசித்த இசைத்துண்டு அது. சின்னது. இவன் கேட்பான், ரெக்சன் பதில் சொல்வான். விசில் பறக்கும். இப்போது கேள்வியை மட்டும் வாசித்துவிட்டுக் கையை எடுத்தான்.

பதில் வந்தது.

அதே இடத்தில். அதே அழுத்தத்தில். அச்சாக, ரெக்சன் சொல்வது மாதிரியே.

கம்பிகளைக் கையால் மூடினான்.

அப்போதெல்லாம் பதில் சொன்னது யார்?

ரெக்சனின் கைகளை நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு மேடையாக, பதில் வரும் அந்த நேரத்தில். தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்தன. கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தன.

கிட்டாரில் இருந்ததாக ஒரு மேடைகூட ஞாபகம் வரவில்லை.

கீழே நாற்காலிகள் நிறையத் தொடங்கியிருந்தன. ஆல்வின் அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"என்னலே? சொல்லு."

அவன் கிட்டார் வயரைப் பெடலுக்கு மாற்றிவிட்டு, ராக்கின் சுவிட்சை அணைத்தான். பச்சை விளக்குகள் மொத்தமாக அவிந்தன. உள்ளே இருந்த சின்னக் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

வயரைச் சுருட்ட வந்த இசக்கி, பிளக்கில் கை வைத்தார்.

"புடுங்கிரவா?"

"இருங்கண்ணே," என்றான். "அது ஓடி முடிக்கட்டும்."