ஏழாவது வாளி

இராஜரட்ணம் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே ஏதாவது நீந்துகிறதா என்று பார்த்தார்.

ஒன்றும் நீந்தவில்லை. அதுவே பெரிய முன்னேற்றம்.

எதிரே கதிரை நுனியில் அகஸ்ரின் இருந்தார். தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடி, சனிக்கிழமை மத்தியானம். அவர் வீட்டில் காய்ச்சிய பியரின் ஏழாவது பரிசோதனை. இதுவும் சரிவராவிட்டால் வாளியைக் குப்பைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, இந்த வேலையையே விட்டுவிடுவதாக அந்தோனியார் படத்துக்கு முன்னால் நேர்ந்திருந்தார். அந்தோனியாரோடு விளையாட முடியாது.

தொழிற்சாலையில் அவர் நாளுக்கு நாலாயிரம் ஷாம்பூ போத்தலுக்கு மூடி திருகுகிறவர். எல்லாம் அடுத்தவன் செய்த சாமான். தன் கையால் ஒன்றைச் செய்து தானே மூடி போடவேண்டும் என்பது இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இருந்த ஆசை.

முதல் வாளி, சைக்கிள் ரியூப் முக்கியெடுத்த தண்ணீர் போல இருந்தது.

இரண்டாவதில் சீனி கூடிவிட்டது. அலுமாரிக்குள் இருந்ததில் பதினெட்டுப் போத்தல் வரிசையாக வெடித்தது. வெள்ளைக்காரரும் சீனரும் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடிவந்தார்கள். குண்டுக்குத் தப்பி வந்த நம்முடைய சனத்தில் ஒருவரையும் காணவில்லை. அத்தனை பேரும் கட்டிலுக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார்கள். ஒன்பதாம் மாடியில் ஒருவர் மூன்று நாள் வெளியே வரவில்லை. புட்டைக் கதவிடுக்கால் உள்ளே தள்ளிவிட்டார்களாம்.

மூன்றாவதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை.

நாலாவது உப்புக் கரித்தது. அதற்கு முதல் அது தேசிக்காய் ஊறுகாய் போட்ட வாளி என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவதில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு அகஸ்ரின் பஸ் தரிப்பிடத்துக் கம்பத்தோடு அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் கதைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வந்ததில்லை.

ஆறாவது சும்மா புளித்தது.

ஒவ்வொரு முறையும் ஊற்றிவிட மனம் வராமல் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி வேரோனிக்காதான் வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போவாள். ஒரு வார்த்தை ஏசியதில்லை. இப்படி ஒரு மனுசி கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று அகஸ்ரின் ஆறு முறை நினைத்திருக்கிறார்.

இராஜரட்ணம் ஊரில் கள்ளுத் தவறணை குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். முகத்துக்காகப் பேசுகிற ஆளில்லை. போன முறை, "இதைக் குடிச்சவனுக்குக் கேள்வி கேக்காமல் அகதி அந்தஸ்துக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனவர்.

இப்போது ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மிடறு. பிறகு கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

"உண்மையைச் சொல்லும், அகஸ்ரின். இது நீர் காய்ச்சினதோ, கடையில வாங்கி லேபலைக் கிழிச்சதோ?"

அகஸ்ரின் அந்தோனியார் படத்தைத் திரும்பிப் பார்த்தார். இராஜரட்ணம் கேட்காமலே அடுத்த போத்தலைத் திறந்தார். பிறகு அதற்கடுத்ததை.

குசினி வாசலில் வந்து நின்ற வேரோனிக்கா, பெட்டியில் போத்தல்கள் குறைந்துகொண்டு போவதைப் பார்த்தாள். சந்தோஷம் தாங்க முடியவில்லை போலும். நேரே சுவரில் இருந்த போனை எடுத்து, மல்வேர்னில் இருக்கும் தங்கைக்கு அடித்தாள்.

சொல்லட்டும், ஸ்காபரோ முழுக்கச் சொல்லட்டும் என்று அகஸ்ரின் நிமிர்ந்து இருந்தார்.

"அன்ரனெற், வாற கிழமைக்கு அப்பத்துக்கு ஓடர் ஒண்டும் எடுக்காதை. மாப் புளிக்கவைக்க இந்தமுறை பியர் ஒரு சொட்டும் மிஞ்சாது போல கிடக்கு. இந்த மனுசன் நல்லதாக் காய்ச்சிப்போட்டார்."